சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு அப்புறம்

2023 செப்டம்பரில் மகளைச் சென்னையில் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு நானும் என் மனைவியும் கோவில்பட்டிக்குத் திரும்பினோம். நெல்லை எக்ஸ்பிரஸில் அன்று ராத்திரி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவளுடைய தலையணை மட்டும் எங்களோடு திரும்பி வந்துவிட்டது. விடுதியில் எடுத்து வைக்க மறந்துபோனோம். விழுப்புரம் தாண்டும்வரை என் மனைவி அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

கோவில்பட்டியில் சிறிய கடலை மிட்டாய்ப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். மகள் பள்ளி விட்டு வந்ததும் பட்டறையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். வெல்லப் பாகு பதம் பார்க்க ஒன்பது வயதிலேயே அவளுக்குத் தெரியும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், இழுபட்டால் இன்னும் கொதிக்க வேண்டும். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்ததால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிற முதல் பெண் அவள்தான். பணத்துக்காகத் தவிக்க வேண்டியிருக்கவில்லை. அவளோடு எப்படிப் பேசுவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

முதல் நான்கு மாதம் எங்கள் பேச்சு இப்படித்தான் இருந்தது.

“சாப்பிட்டியாம்மா?”

“சாப்ட்டேன்பா.”

“காசு இருக்கா?”

“இருக்கு.”

“சரி, அம்மாட்ட தாரேன்.”

ஒரு நிமிடம்கூட ஆகாது. மற்ற எல்லாவற்றையும் அம்மாவிடம்தான் சொல்வாள். போனை வைத்த பிறகு நான் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். என் அப்பா என்னிடம் அப்படித்தான் இருந்தார், அவரிடம் தாத்தாவும் அப்படித்தான் இருந்திருப்பார். அதில் ஒரு குறை இருப்பதாகவே நான் நினைத்ததில்லை. எங்கள் ஊரில் பெரும்பாலான அப்பாக்கள் இன்றைக்கும் மகளிடம் மனைவி வழியாகத்தான் பேசுகிறார்கள். அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

அந்த டிசம்பரில் இரண்டு வெள்ளம் வந்தது. 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. அவள் விடுதியில் மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரமும் வேலை செய்யவில்லை. இரண்டு நாள் அவள் எண்ணுக்கு அடித்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அந்தக் குரல் மட்டும் வந்தது. எங்களிடம் விடுதிக் காப்பாளரின் எண் இல்லை. கூடத் தங்கியிருக்கும் பிள்ளைகளின் பெயர் தெரியும், எண் தெரியாது. மூன்றாம் நாள் மாலை ஏதோ ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. விடுதியில் சமைக்கிற அக்காவின் போனை வாங்கிப் பேசினாள். “எம்மா, நல்லாருக்கேன்” என்ற ஒரு வரியைக் கேட்டுவிட்டு என் மனைவி வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 17, 18 தேதிகளில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. எங்கள் தெருவில் பெரிய சேதம் இல்லை, ஆனால் மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. ஒரு நாள் கழித்துத் தொடர்பு கிடைத்ததும் அவளைக் கூப்பிட்டேன். எடுத்தவுடன் என்னைத் திட்டினாள். “எத்தனை தடவை அடிச்சேன் தெரியுமா? டிவியில நம்ம ஜில்லாவையேதான் காட்டுதான். பக்கத்து வீட்டு நம்பர்கூட எங்கிட்ட இல்லப்பா” என்று சொல்லிவிட்டு அழுதாள். அதுவரை, பிள்ளையைப் பற்றிப் பெற்றவர்கள்தான் கவலைப்படுவார்கள் என்று இருந்தேன். அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ஒருத்தி எங்களுக்காகச் சோறு இறங்காமல் இருந்திருக்கிறாள்.

அதன் பிறகு ஒரு வேலை செய்தோம். எல்லாரும் முதல் நாளே செய்துவிட வேண்டிய வேலை அது. விடுதி அலுவலகத்தின் எண், காப்பாளர் எண், அறைத்தோழிகள் இரண்டு பேரின் எண், அவர்களுடைய அம்மாக்களின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். எங்கள் பக்கத்து வீட்டு எண்ணையும் பட்டறையில் வேலை செய்யும் அண்ணாச்சியின் எண்ணையும் அவள் எழுதிக்கொண்டாள். மதுரையில் இருக்கும் என் தங்கச்சியை நடுவில் வைத்தோம். இரண்டு பக்கமும் நேராகத் தொடர்பு கிடைக்காவிட்டால் அவளுக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். சிக்னல் மோசமாக இருக்கும்போது வாட்ஸ்அப் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் சாதாரண எஸ்எம்எஸ் சில நேரம் போய்ச் சேர்ந்துவிடும் என்பதையும் அந்த மழையில்தான் கற்றோம். ஒரு பவர் பேங்க் வாங்கிக் கொடுத்தேன். அறைத்தோழிகளின் எண்ணை வாங்கும்போது மகள் ஒரு நிபந்தனை போட்டாள். ஒரு நாள் முழுக்க அவளைப் பிடிக்க முடியாவிட்டால் மட்டும்தான் அவர்களை அழைக்க வேண்டும், வேவு பார்க்க அல்ல. அதை இன்றுவரை மீறவில்லை.

2024 ஜனவரியில் சங்கரன்கோவிலில் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. என் மனைவி அங்கே போய்த் தங்க வேண்டியதாயிற்று. மகளுக்கு அப்போது முதல் செமஸ்டர் தேர்வு நேரம். ஆச்சி விழுந்ததைச் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தோம். அவள் நல்லதுக்குத்தான் என்று நினைத்தோம். பத்து நாள் கழித்து ஒரு சொந்தக்காரப் பையன் ஆஸ்பத்திரிப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். அதைப் பார்த்துவிட்டு அவள் என்னைத்தான் அழைத்தாள். கத்தவில்லை. “பத்து நாளா தினமும் எங்கிட்ட பேசுனீங்க. ஒருநாள்கூடச் சொல்லலியே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவளும் “ம்”, “சரி” என்றே பேசினாள்.

மனைவி ஊரில் இல்லை. போனை வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. சாப்பிட்டியா, காசு இருக்கா இரண்டையும் கேட்டு முடித்த பிறகு நான் என்ன பேசுவது? அந்த மௌனம் எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. ஒருநாள் வேறு வழியில்லாமல் அன்றைக்குப் பட்டறையில் நடந்ததைச் சொன்னேன். வறுக்கிற சட்டியின் கைப்பிடி உடைந்து பாதி வறுபட்ட கடலை தரையில் கொட்டியது, பூனை ஓடி வந்து மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது, அவ்வளவுதான். அவள் சிரித்தாள். “எந்தப் பூனைப்பா, அந்தச் செவலையா? அது இன்னும் இருக்கா?” என்று கேட்டாள். அப்புறம் விடுதியில் திரியும் பூனைக் கதைக்குப் போனாள், அங்கிருந்து சாப்பாட்டுக்கூடக் கதைக்கு, அங்கிருந்து பேராசிரியர் ஒருவர் கதைக்கு. போனை வைத்தபோது இருபது நிமிடம் ஓடியிருந்தது.

நான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவரை அவள் பதில் மட்டும் சொன்னாள். என் நாளை அவளிடம் சொன்னபோது அவள் நாளை எனக்குச் சொன்னாள். “இன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்று கேட்பதுகூடக் காதுக்கு விசாரணை மாதிரிதான் இருக்கிறது. “இன்னைக்கு இங்க என்ன நடந்துச்சு தெரியுமா?” என்று நாம் ஆரம்பித்துவிட்டால் போதும். பெரிய சேதியெல்லாம் வேண்டாம். வேம்பு பூத்தது, எதிர்வீட்டில் வர்ணம் அடித்தது, வெல்லம் விலை ஏறியது, இப்படி அவள் விட்டுவிட்டுப் போன உலகத்திலிருந்து ஒரு துண்டு தினமும் அவளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

பிப்ரவரியில் எனக்கு ஒரு நஷ்டம் வந்தது. அவசரத்தில் ஒரு லோடு நிலக்கடலைப் பருப்பு எடுத்தேன். மேலே இருந்த மூட்டைகளில் கைவிட்டுப் பார்த்தேன், அடியில் இருந்ததைப் பார்க்கவில்லை. அடியில் மூன்று மூட்டை ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்திருந்தது. அதை மிட்டாய்க்குப் போட முடியாது, எண்ணெய் ஆட்டவும் கொடுக்கக் கூடாது. 24,000 ரூபாய் போயிற்று. மனைவி ஏற்கெனவே ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்துகொண்டிருந்தாள், அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளிடம் பேசிக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று திட்டமிடவில்லை, வாயில் வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, “எப்பா, நானும் ஒண்ணு சொல்லல. சொன்னா கத்த மாட்டீங்களே?” என்றாள்.

“சொல்லும்மா.”

“மேத்ஸ்ல அரியர்ப்பா. ரிசல்ட் வந்து மூணு வாரம் ஆச்சு.”

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் 91 எடுத்த பிள்ளை. ஆனால் என்னைச் சுட்டது அரியர் இல்லை, அந்த மூன்று வாரம்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “ப்ளஸ் ஒன்ல ஒரு டெஸ்ட்ல 38 எடுத்தப்ப மூணு நாள் எங்கிட்ட பேசாம இருந்தீங்கள்ல. அப்பவாவது ஒரே வீட்டுல இருந்தோம். இங்க இருக்கும்போது நீங்க பேசாம இருந்தா நான் என்ன செய்வேன்?” என்றாள்.

அந்த மூன்று நாளை நான் மறந்தே போயிருந்தேன். திட்டவில்லை, அடிக்கவில்லை, அதனால் கண்டிப்பாகவும் இருந்தோம் நல்ல அப்பாவாகவும் இருந்தோம் என்று மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பது, அவள் ஒரு வாரம் “ம்” என்று மட்டும் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது.

“அப்படி இருந்தது தப்பும்மா. இனிமே எதுக்காகவும் பேசாம இருக்க மாட்டேன்” என்று சொன்னேன். அதைச் சொல்ல ரொம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு ஒப்பந்தம் போட்டாள். “அம்மாட்ட நீங்க உங்களதச் சொல்லுங்க, நான் என்னோடதச் சொல்லுதேன்.” அன்று ராத்திரியே இரண்டு பேரும் சொன்னோம். என் மனைவிக்குப் பூஞ்சை பிடித்த கடலையும் பெரிதாகப் படவில்லை, அரியரும் பெரிதாகப் படவில்லை. அப்பாவும் மகளும் சேர்ந்து ரகசியம் வைத்திருந்தீர்களா என்றுதான் கேட்டாள். அரியரை அடுத்த வாய்ப்பில் எழுதித் தேறிவிட்டாள். மூன்றாம் ஆண்டு அக்கா ஒருத்தி தினமும் சாயங்காலம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

பிள்ளைகள் மறைக்கிறார்கள் என்று பெற்றவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சியின் இடுப்பு எலும்புதான் ஞாபகம் வருகிறது. நல்லதுக்காக மறைக்கலாம் என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள். இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தேர்வு நேரத்தில் கெட்ட சேதி வந்தால், “ஒரு நல்லதில்லாத விஷயம் இருக்கு, உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்ல. இப்பச் சொல்லவா, பரீட்சை முடிஞ்சு சொல்லவா?” என்று அவளிடமே கேட்டுவிடுவோம். இதுவரை இரண்டு தடவை கேட்டிருக்கிறோம். ஒரு தடவை இப்போதே சொல்லுங்கள் என்றாள், ஒரு தடவை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் என்றாள். அவளும் எங்களிடம் அப்படியே கேட்கிறாள்.

பேசுகிற நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் தினமும் இரவு எட்டு மணிக்கு அடித்துக்கொண்டிருந்தோம், எங்களுக்கு அதுதான் வசதி. அவளுக்கு அது சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கிற நேரம், சுற்றிலும் ஐம்பது பேர். அந்த நேரத்தில் மனதில் இருப்பதை யார் சொல்வார்கள்? உனக்கு எப்போது தோது என்று கேட்டால் முடிகிற விஷயம், கேட்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. ஞாயிறு காலை பத்து மணி என்றாள். மற்ற நாளில் பேச்சு கட்டாயமில்லை. நான் பட்டறை திறக்கும்போது ஒரு படமோ குரல் பதிவோ அனுப்புவேன், அவள் முடிந்தபோது கேட்பாள். பதில் வராத நாளும் உண்டு. நீல டிக் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மைத்துனர் ஒருவர், மகள் எங்கே இருக்கிறாள் என்று எப்போதும் காட்டுகிற செயலியைப் போனில் போட்டுவிடச் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பதில், இரவில் ஊருக்கு வரும்போது மட்டும் வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் அனுப்ப முடியுமா என்று அவளிடம் கேட்டேன். ரயிலோ பஸ்ஸோ ஏறியதும் அவளே அனுப்பிவிடுகிறாள். கேட்டு வாங்குவதற்கும் அவளாகக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் இரண்டு பேர் குரலிலும் கேட்கலாம்.

ரயில் டிக்கெட் போடுவதை என் வேலையாக வைத்துக்கொண்டேன். முன்பதிவு முன்னெல்லாம் 120 நாள், 2024 நவம்பரிலிருந்து 60 நாள் ஆகிவிட்டது. தீபாவளி, பொங்கலுக்கு 60-வது நாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால்தான் தென்மாவட்ட ரயிலில் இடம் கிடைக்கும், கொஞ்சம் தாமதித்தாலும் காத்திருப்போர் பட்டியல்தான். காலண்டரில் அந்த நாளைச் சிவப்பில் வட்டமிட்டு வைப்பேன். திரும்புகிற டிக்கெட்டையும் அதற்கான முன்பதிவு திறக்கிற நாளிலேயே மறக்காமல் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிற நான்கு நாளும் திரும்பிப் போவது எப்படி என்ற பேச்சிலேயே போய்விடும். ரயில் கிடைக்காவிட்டால் கிளாம்பாக்கத்தில் அரசு பஸ் இருக்கிறது. அதற்காக அவள் கணக்கில் எப்போதும் 2,000 ரூபாய் கிடக்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். என்றைக்காவது மனசு சரியில்லை, வீட்டுக்கு வர வேண்டும் என்று தோன்றினால் யாரையும் கேட்காமல் கிளம்பி வருகிற காசு அது. இதுவரை ஒரே ஒரு தடவை அப்படி வந்திருக்கிறாள். ஏன் வந்தாய் என்று நாங்கள் கேட்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் அவளாகவே அம்மாவிடம் சொன்னாள்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதற்குக் கணக்குக் கேட்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தேன். நான் அனுப்புவதை ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி ஒரே தொகையாக அனுப்பிவிடுவேன். இருநூறு ரூபாய்க்கும் முன்னூறு ரூபாய்க்கும் அவள் கேட்டு நிற்கும்படி வைத்தால், காசு வேண்டும் என்பதற்காகத்தான் பேசுகிறோமோ என்ற எண்ணம் இரண்டு பக்கமும் வந்துவிடும்.

மாதம் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெருமை எனக்கு உண்டு. இரண்டு கிலோ மிட்டாயும் எள்ளுப்பொடியும் வைப்பேன். அவளுக்கு மட்டும் அளவாக அனுப்பாமல் அறைக்கே அனுப்ப வேண்டும் என்பது என் மனைவியின் யோசனை. அது நல்ல யோசனை. அந்தப் பிள்ளைகளுக்கு என்னைத் தெரிந்துபோயிற்று. போனில் பேசும்போது பின்னாலிருந்து “அங்கிள், மிட்டாய் தீர்ந்துபோச்சு” என்று குரல் வரும். மகளைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பது விசாரிக்காமலே எனக்குத் தெரிகிறது.

அந்த அறையில் ஒரு பிள்ளை இரண்டாம் ஆண்டில் தினமும் ராத்திரி அழுதுகொண்டிருந்தாளாம், வகுப்புக்கும் போவதில்லையாம். என்ன செய்வதென்று மகள் என்னிடம்தான் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. தெரிந்த அரசு மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன், டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐச் சொன்னார். இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறது, இலவசம், தமிழிலும் பேசுவார்கள். இவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, அந்தப் பிள்ளை பேசியிருக்கிறாள். பிறகு அவளுடைய அம்மா வந்து இரண்டு வாரம் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த எண்ணையும் எங்கள் சுவர்த்தாளில் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

விடுமுறைக்கு வருகிற மகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் பொங்கலுக்கு வந்தபோது அவளை நாலு சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போனோம். எல்லா இடத்திலும் படிப்பு எப்போது முடியும், அப்புறம் கல்யாணம்தானே என்ற பேச்சு. கிளம்பும்போது அவள் முகம் வாடியிருந்தது. இப்போது முதல் இரண்டு நாள் தூங்க விட்டுவிடுகிறோம். கல்யாணப் பேச்சு எடுக்கிறவர்களிடம், அது அவள் சொல்லும்போது பார்க்கலாம் என்று நானே வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா சொன்னால் சமாளிப்பு என்பார்கள், அப்பா சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் ஊர் வழக்கம் அப்படி இருக்கும்வரை அதைச் சொல்ல வேண்டியவன் நான்தான்.

அவள் பேச்சு மாறியிருக்கிறது. “வாரேன்” போய் “வர்றேன்” வந்துவிட்டது. காபியில் சர்க்கரை வேண்டாம் என்கிறாள். எனக்குத் தெரியாத ஒருத்தி வீட்டுக்குள் நடமாடுகிற மாதிரி முதலில் நெஞ்சு கனத்தது. பிறகு பட்டறைக்கு வந்தாள். பாகுச் சட்டியைப் பார்த்ததும் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டாள். “இன்னும் ரெண்டு நிமிஷம்ப்பா” என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

இப்போது மூன்றாம் ஆண்டு. போன ஞாயிறு பத்து மணிக்கு அவள் அழைக்கவில்லை. பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. என் மனைவி இரண்டு தடவை என்னைப் பார்த்தாள். நான் செவலைப் பூனை குட்டிகளோடு படுத்திருக்கிற படத்தை அனுப்பிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன், ஆர்டர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஒன்றரை மணிக்கு அழைப்பு வந்தது. “எப்பா, தூங்கிட்டேன். நேத்து ராத்திரி புராஜெக்ட். எத்தனை குட்டி? உங்ககிட்ட நிறையச் சொல்லணும், வேலையா இருக்கீங்களா?”

பாகு பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

“இல்லம்மா, சொல்லு. மூணு குட்டி.”